கொள்ளிவட்டம்

கார்த்திகைத் தீபத்தன்று மாவளி சுற்றுபவரின் கையில் இருப்பது ஒரு கயிறு. அதன் நுனியில் கனன்றுகொண்டிருக்கும் ஒரு கரிப்பொதி. சுற்றச் சுற்ற இருட்டில் ஒரு நெருப்பு வளையம் எழுகிறது, பொறிகள் நாலாபக்கமும் சொரிகின்றன. உண்மையில் அங்கே வளையம் எதுவும் கிடையாது. கண்ணில் பட்ட ஒளி மறைய நொடியில் ஒரு சிறு பங்கு ஆகிறது. அதற்குள் கனல் அடுத்த இடத்துக்குப் போய்விடுவதால் புள்ளி கோடாகிறது. இந்தத் தோற்றத்துக்குத் தமிழில் கொள்ளிவட்டம் என்று பெயர். சங்கரருக்கு முந்தியவரான கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையில் நான்காம் பகுதியின் பெயரே அலாதசாந்தி, அதாவது கொள்ளி அடங்குதல். சிறுவர் விளையாட்டு ஒன்று வேதாந்தத்துக்கு உவமை தந்திருக்கிறது.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் இந்தச் சுழற்சி நெருப்பில்லாமல் வளர்ந்தது. கயிறு கட்டிய பந்தை அவர்கள் ‘போய்’ என்பார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பந்து என்றே பொருள். மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் மண்டும் சம்பங்கோரைக்கு உறவான ஒரு கோரையின் இலையால் பந்து செய்து, பெண்கள் பாட்டுக்கேற்பச் சுழற்றியும் கையில் தட்டியும் ஆடுவார்கள். கைக்கு ஒன்றாக இரண்டு கயிற்றுப் பந்துகளைச் சுழற்றும் இன்றைய கலை அங்கிருந்தே உலகெங்கும் பரவியது.

மதுரைப் பிள்ளைகளுக்குச் சுழற்சி புதிதல்ல; கம்பு சுற்றுவதைப் பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் கம்புக்கும் கயிற்றுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கம்பைத் தள்ளலாம், இழுக்கலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கயிறு இழுக்க மட்டுமே உதவும்; தள்ளினால் தொய்ந்துவிடும். சிலம்பம் நன்கு தெரிந்தவரும் முதல் நாளில் கயிற்றுப் பந்தால் தன் தலையிலேயே அடித்துக்கொள்வது இதனால்தான். இந்த ஒன்றைக் கை புரிந்துகொண்டால் பாதிக் கலை வந்த மாதிரி.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 70 செ.மீ. கயிற்றில் சுழலும் பந்து வட்டத்தின் உச்சியைக் கடக்கும்போது நொடிக்குச் சுமார் 2.6 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். குறைந்தால் கயிறு தளர்ந்து பந்து விழும். நொடிக்கு ஒன்றரைச் சுற்று வேகத்தில் 100 கிராம் பந்து 600 கிராமுக்கு மேற்பட்ட எடைபோலக் கையை இழுக்கும். அந்த இழுப்பை எப்போதும் விரல்களில் உணர்ந்துகொண்டிருப்பதே பழக்கம்.

கருவிக்குச் செலவே இல்லை. பழைய நீளக் காலுறை இரண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பிடி பயறோ ஒரு டென்னிஸ் பந்தோ போதும். டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், மெதுவாகச் சுற்றும்போது அதன் இழுப்பு கைக்குச் சரியாகத் தெரியாது. தொடக்கத்தில் 100 கிராம் அளவுக்குப் பயறு நிரப்புவது நல்லது. நீளம் தோளிலிருந்து மூடிய கைவரை. இரண்டும் ஒரே எடையாக, ஒரே நீளமாக இருக்க வேண்டும். இதில் சிறு வேறுபாடும் பிறகு இரு கைகளின் தாளத்தைக் குலைக்கும்.

முதல் பாடம் முன்சுற்று. வண்டிச் சக்கரம் முன்னே உருள்வதுபோல, உடலின் பக்கவாட்டில் பந்து மேலே முன்னோக்கியும் கீழே பின்னோக்கியும் போக வேண்டும். முழங்கை உடலை ஒட்டி இருக்கும். மணிக்கட்டுதான் வேலை செய்யும். அடுத்தது இதற்கு எதிரான பின்சுற்று. வலது கை ஒரு நாளில் கற்றதை இடது கை கற்கப் பல நாள் ஆகலாம். அதனால் ஒவ்வொரு பயிற்சியையும் இடது கையில் தொடங்குவதே சரி. வலது கை எப்படியும் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

சுழலும் வட்டம் தட்டுபோல் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். அவசரக்காரர் தவறுவது இங்கேதான்: தளம் சாய்கிறது, பந்து காலிலோ காதிலோ படுகிறது, கயிறுகள் சிக்குகின்றன. இதைச் சோதிக்கக் காலை வெயிலே போதும். வெயில் முதுகில் விழும்படி நின்று பக்கவாட்டில் சுழற்றினால், தளம் நேராக உள்ளவரை பந்தின் நிழல் தரையில் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஓடும். தளம் சாய்ந்தால் கோடு முட்டை வடிவமாக அகலும். ஆசான் பக்கத்தில் இல்லாத நாளில் இந்த நிழலைவிட நேர்மையான ஆசான் கிடையாது.

தளம் நிலைத்ததும் எட்டுப் போடலாம். வலது கைப் பந்து வலப்பக்கம் ஒரு சுற்று, கை குறுக்கே வந்து இடப்பக்கம் ஒரு சுற்று. காற்றில் படுத்த எட்டு வரையப்படும். இடது கையும் இதையே தனியாகச் செய்யத் தெரிந்த பிறகு, இரண்டையும் அரைச் சுற்று இடைவெளியில் சேர்த்தால் அது பின்னல்.

மூன்றடிப் பின்னலில் ஒவ்வொரு கையும் எதிர்ப்பக்கத்தில் இரண்டு சுற்றும் தன் பக்கத்தில் ஒன்றும் போடும். எண்ணிக்கையை மனதுக்குள் சொல்வதைவிட வாய்விட்டுச் சொல்வது உதவும். ஒரு கை மற்றதன் மேலாகவும், பின்பு அடியிலும் வர வேண்டும். மணிக்கட்டுகள் பிரியாமல் நெருங்கி இருந்தால் பின்னல் தானாக அமையும். பலர் இங்கே வாரக்கணக்கில் நிற்பார்கள், அதில் குறை ஒன்றுமில்லை.

வண்ணத்துப்பூச்சி என்ற சுற்று வேறு இனம். இரு கைகளும் நெஞ்சுக்கு முன் சேர்ந்து நிற்க, பந்துகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒரு சுற்றில் இரண்டு முறை அவை எதிர்ப்படும் என்பதால் ஒரு கை சற்று முன்னே இருக்க வேண்டும்.

திரும்புவதில் ஓர் அழகு உண்டு. முன்சுற்றில் இருப்பவர் உடலை முழுதாகப் பின்பக்கம் திருப்பினால், பந்து தன் போக்கிலேயே சுழன்றுகொண்டிருக்கும். திரும்பிய உடலுக்கு அது இப்போது பின்சுற்று. கயிற்றை வலிந்து மாற்ற வேண்டியதில்லை, கால் மாறினால் போதும். சிலம்ப வாத்தியார்கள் கம்புக்கு முன் காலடியைக் கற்பிப்பதன் பயன் இங்கே விளங்கும்.

இடம் திறந்ததாக இருக்கட்டும். கோடையில் வறண்ட வைகை மணல் நல்ல களம். பந்து விழுந்தாலும் கெடாது, ஆள் விழுந்தாலும் அடிபடாது. ஆடிக் காற்றில் லேசான பந்து தளம் மாறும். எடையைக் கூட்டலாம், அல்லது காற்று கிளம்புமுன் காலையிலேயே முடிக்கலாம்.

நெருப்பு கடைசிப் பாடம். பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையின்றி அதைத் தொடக்கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த பந்தங்களைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றுவது தேர்ந்தவர் வேலை. மாவளி அதைவிடச் சாந்தமானது. ஆண் பனையின் பூவைக் காயவைத்து, குழியில் எரித்து, மண்ணால் மூடிக் கரியாக்கி, நைசாகப் பொடிக்கிறார்கள். பொடியைப் பருத்தித் துணியில் உருளையாக இறுக்கிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே செருகிக் கயிறு பூட்டுகிறார்கள். நுனியில் கங்கு வைத்து மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் காற்றுப் பட்டுக் கரி சிவக்கிறது. வேகம் கூடப் பொறி கூடுகிறது.

சுற்றுபவர் பருத்தி ஆடை அணிந்து, தலைமுடியைக் கட்டியிருக்க வேண்டும். வைக்கோல் படப்பும் கூரையும் பொறி பறக்கும் தொலைவுக்கு அப்பால் இருக்க வேண்டும். நனைத்த சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க, பார்ப்பவர்கள் காற்று வரும் பக்கமாக விலகி நிற்பது முறை. முடிக்கும்போது சட்டென நிறுத்தினால் கயிறு தளர்ந்து கரிப்பொதி மேலே விழும். வட்டத்தைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, வேகம் குறைத்து, ஈரச் சாக்கின் மேல் இறக்க வேண்டும்.