கலைஞரைக் காப்பது ஊரின் கடமை

‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்பது நம் கிராமங்களில் வழங்கும் பழமொழி. இரவெல்லாம் ஆடுகிறவன் பொழுது எப்போது விடியும் என்று கிழக்கை நோக்குகிறான். பகலெல்லாம் வயலில் உழைக்கிறவன் பொழுது எப்போது சாயும் என்று மேற்கை நோக்குகிறான். இதனை நாம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆயினும் இப்பழமொழி இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை நாம் கவனிக்க வேண்டும். இருவரும் உடல் நோக உழைத்துக் கூலி பெறுகிறவர்கள். அவ்வாறிருக்க, ஒருவர் உழைப்பைத் தொழில் என்றும், மற்றவர் உழைப்பை வெறும் பொழுதுபோக்கு என்றும் நாம் கருதிவிடுகிறோம். வறட்சியோ நோயோ வந்து ஊர் தளரும் காலத்தில் இக்கருத்தினால் விளையும் கேடு பெரிது. தெருக்கூத்துக் கலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

துன்பக் காலத்துக்கு உரிய கலை

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் முதலிய வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் பாரத விழா நடைபெறுவது வழக்கம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு நாளில் வேடதாரி உயர்ந்த மரத்தின் மீது ஏறுவதையும், படுகள நாளில் மண்ணால் அமைத்த துரியோதனன் உருவத்தின் முன் கதை முடிவுறுவதையும் காண ஊரே திரளுகிறது.

கூத்து விழாவுக்கு மட்டும் உரியது அன்று. மழை பொய்த்தால் விராட பருவம் படித்து அக்கதையைக் கூத்தாக ஆடச் செய்யும் ஊர்கள் உண்டு. இறந்தவருக்குரிய சடங்கின்போது கர்ண மோட்சம் ஆடச் செய்யும் வழக்கமும் உண்டு. கூத்தினால் மழை வருமா என்று வாதிடுவது நம் நோக்கமன்று. நம் முன்னோர் துன்பம் வந்தபோது கலையை ஒதுக்கி வைக்கவில்லை. துன்பம் வந்ததனாலேயே கலைஞரை அழைத்தனர் என்பதே இங்கு அறியத்தக்கது. தனித்தனி வீடுகளில் அடங்கிக் கிடந்த கவலை, கூத்து நடக்கும் இரவில் ஊர்ப் பொதுவாகிறது. கர்ணனுக்காக அழுகிறவர் தம் வீட்டுத் துயரையும் சேர்த்து அழுது மனம் தேறுகிறார். ஓர் இரவு முழுவதும் ஒன்றாக அமர்ந்திருக்கத் தெரிந்த ஊருக்கு, மறுநாள் ஏரி வேலைக்கு ஒன்றுகூடுவதும் எளிதாகும்.

கூத்தரின் ஆண்டு வரவு

கூத்துக் குழுவை ஜமா என்று வழங்குவர். வேடம் கட்டுவோர், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றை இசைப்போர், பின்பாட்டுக்காரர் எனப் பத்துப் பதினைந்து பேர் அதில் இருப்பர். கூத்து பெரும்பாலும் மாசி, பங்குனி முதல் ஆடி வரையிலான பருவத்திலேயே நடைபெறுகிறது. ஊரார் வெற்றிலை பாக்கும் அச்சாரமும் கொடுத்து நாளைக் குறிப்பர். ஏனைய மாதங்களில் கூத்தர் பலர் வயல் வேலைக்கோ வேறு கூலி வேலைக்கோ செல்வர். பருவத்தில் கிடைக்கும் வரவைக் கொண்டே பழைய கடனை அடைக்க வேண்டும். மழை தவறினால் உழவருக்கு ஒரு போகம் போவதுபோல, விழா தவறினால் கூத்தருக்கு ஓராண்டு போகிறது.

2020ஆம் ஆண்டில் இதுவே நிகழ்ந்தது. கொரோனா நோய் பரவியதால் மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அது பங்குனி மாதம். கூத்தர் சலங்கை கட்டும் காலம். கோயில்கள் மூடப்பட்டன, குறித்த நாள்கள் கைவிடப்பட்டன. 2021 ஏப்ரலில் மீண்டும் விழாக்களுக்குத் தடை வந்தது. அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் பாழாயின. கலைஞர் பலர் கிடைத்த கூலி வேலையைத் தேடிச் சென்றனர்.

நோய் பரவாமல் தடுக்கக் கூட்டங்களை நிறுத்தியது முறையே, அதில் ஐயமில்லை. ஆனால் கூத்தை நிறுத்துவது வேறு. கூத்தரைக் கைவிடுவது வேறு. தன் துன்பத்தில் கலைஞரை அழைத்த ஊர், கலைஞரின் துன்பத்தில் அவரை நினைத்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விதை நெல்

‘வயிறு காயும்போது கூத்து எதற்கு?’ என்று வினவுவோர் உண்டு. அரிசிக்கும் மருந்துக்கும் உரிய பணத்தைக் கூத்துக்குத் தருமாறு நாம் கூறவில்லை. ஆனால் பஞ்சத்திலும் விதை நெல்லை எடுத்து உண்ண உழவர் மனம் ஒப்பாது. கலையும் அத்தகையதே. சிறுவனாகச் சேர்ந்தவர் பின்பாட்டுப் பாடி, சிறு வேடங்கள் கட்டி, பின்னரே கிரீடமும் புஜக்கட்டையும் அணியும் பெரிய வேடங்களுக்கு வருகிறார். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். முகவீணைக்காரர் ஒருவர் தம் கருவியை விட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டால், அவரிடம் கற்க வேண்டிய சிறுவனும் இல்லாமற் போகிறான். அறுந்த இழையைப் பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தும் முடிய இயலாது.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்க நாட்டில் 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் கோடிக்கணக்கானோர் வேலை இழந்தனர். கலைஞரும் அவர்களுள் அடங்குவர். 1935இல் அந்நாட்டு அரசாங்கம் வேலையற்றோருக்குப் பணி அளிக்கும் திட்டத்தில் ஓவியர், இசைஞர், நடிகர், எழுத்தாளர் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கு இலவசமாகப் பணம் கொடுக்கவில்லை. வேலை கொடுத்து ஊதியம் அளித்தது. ஓவியர் பொதுக் கட்டடங்களின் சுவர்களில் ஓவியம் தீட்டினர். இசைஞர் மக்களுக்கு இசை கற்பித்தனர். எழுத்தாளர், முன்னர் அடிமைகளாக வாழ்ந்து முதுமையடைந்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்டு அவர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வைத்தனர். எதிர்ப்பு எழுந்ததால் நாடகப் பிரிவு 1939இல் நிறுத்தப்பட்டது. எனினும் அன்று எழுதி வைத்த வரலாறுகள் இன்றும் அறிஞர்க்குப் பயன்படுகின்றன. கலைஞருக்கு வேண்டுவது பிச்சையன்று, வேலையே என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

ஊராட்சி செய்யக்கூடியவை

நம் மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு முதல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உள்ளது. கல்வி, திருமணம், விபத்து, மரணம் ஆகியவற்றுக்கான உதவிகள் அதன் உறுப்பினருக்கு உரியவை. நலிந்த நிலையிலுள்ள முதிய கலைஞருக்கு மாதாந்திர உதவி பெறவும் வழி உண்டு. ஆனால் பதிவு செய்யாதவருக்கு வாரியத்தின் உதவி எட்டாது. இரவில் அரசனாக வேடம் கட்டுபவர் பகலில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தயங்குவதை நாம் காண்கிறோம். ஆகவே ஊராட்சிகள் கீழ்க்கண்டவற்றை மேற்கொள்ளலாம்.

1. ஊரிலுள்ள கலைஞர் அனைவரின் பட்டியலைத் தயாரித்துக் கிராம சபையில் படிக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் சபை கூடுகிறது. பதிவில்லாதோருக்குப் படித்த இளைஞர் விண்ணப்பம் எழுதித் தரலாம்.

2. குறித்த கூத்து தவிர்க்க முடியாத காரணத்தால் நின்றுபோனால், அச்சாரத்தைத் திரும்பக் கேட்கலாகாது. இயன்றால் கூலியில் ஒரு பகுதியையும் கொடுத்து, அதே குழுவுக்கு அடுத்த ஆண்டு நாளை உறுதி செய்யலாம்.

3. ஜமாக்களும் ஒவ்வோர் இரவின் வரவிலும் ஒரு சிறு தொகையை அஞ்சலகச் சேமிப்பில் போட்டு வரவேண்டும். இடர் வந்தால் கந்து வட்டிக்குப் போகாதிருக்க இது உதவும்.

4. விழா இல்லாத மாதங்களில் பள்ளி மாணவருக்கு அடவும் பாட்டும் தாளமும் கற்பிக்க, மூத்த கலைஞரை ஊதியம் கொடுத்து அழைக்கலாம்.

5. வாத்தியார் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கூத்துச் சுவடிகளையும் குறிப்பேடுகளையும் அவர் இசைவுடன் படியெடுத்து வைக்கலாம். கைப்பேசியிலேயே பாட்டைப் பதிவு செய்ய இயலும் இந்நாளில், இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை என்னும் சிற்றூரின் பெயர் இன்று வெளிநாட்டாருக்கும் தெரிந்திருப்பது கூத்தினாலேயே. அவ்வூரின் கண்ணப்பத் தம்பிரான் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கலையைக் கைவிடாமல் காத்தனர். எத்தனையோ ஊர்களில் இத்தகைய குடும்பங்கள் புகழின்றி வாழ்கின்றன.

வரும் கிராம சபைக்கு முன் நம் ஊரில் முகவீணை வாசிப்பவர் யார், வேடம் கட்டுபவர் யார், அவர்களுள் நல வாரியத்தில் பதிந்தவர் எத்தனை பேர் என்று விசாரித்து அறிவோமாக. இரவெல்லாம் நமக்காக விழித்திருந்தவருக்கு விடிந்த பின்னும் ஒரு வாழ்வு உண்டு. அதனைக் காப்பது நம் ஊரின் கடமை.