மேம்படுத்தியதும் படுத்துவிட்ட எல்டாப் சர்வர்

கேள்வி: டெபியன் 11-லிருந்து 12-க்கு மாறியபின் ஓப்பன்எல்டாப் தொடங்க மறுக்கிறது. கல்லூரியில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. பயனர் விவரமெல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை, பதறாதீர்கள். தரவு இருக்கும் அடைவில் எதையும் அழிக்காமல், முதலில் அதை அப்படியே நகலெடுத்து வையுங்கள்.

பிறகு ஸ்லாப்டியைப் பிழைகாண் நிலையில் கையால் ஓட்டிப் பாருங்கள். கடைசிச் சில வரிகளில் 'எச்டிபி' அல்லது 'பிடிபி' தென்பட்டால் காரணம் அதுதான். பழைய பெர்க்லி டிபி சேமிப்பு முறைகளை ஓப்பன்எல்டாப் 2.5 அடியோடு நீக்கிவிட்டது, இப்போது எம்டிபிதான். பழைய கோப்புகளைப் புதிய பதிப்பால் படிக்கவே முடியாது. ஆகவே 2.4 உள்ள ஒரு கணினியில் நகலை வைத்து, ஸ்லாப்கேட் மூலம் எல்டிஃப் கோப்பாக எடுக்க வேண்டும். அதற்கு முன் பேக்கப்ஸ் அடைவைப் பாருங்கள். மேம்படுத்தும்போது டெபியனே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம்.

அமைப்பை எம்டிபிக்கு மாற்றி, ஸ்லாப்ஆட் கொண்டு ஏற்றுங்கள். எம்டிபியின் இயல்பான உச்ச அளவு வெறும் 10 எம்பி; கல்லூரிக்குப் போதாது, தாராளமாகக் கூட்டுங்கள். ரூட்டாக ஏற்றினால் கோப்புகள் ரூட் வசமாகிவிடும். உரிமையை ஓப்பன்எல்டாப் பயனருக்கு மாற்றாவிட்டால் சர்வர் மறுபடியும் தொடங்காது.