சுற்றுச்சூழல் திட்டமிடலும் தொழில்நுட்பமும்: நம் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு படிப்பு

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில், அர்ச்சனை முடிந்து மண்டபத்தில் அமரும் பெற்றோர் சிலர், "சார், பிள்ளையை மேற்கொண்டு எதில் சேர்க்கலாம்?" என்று கேட்பது வழக்கம். மருத்துவம், சட்டம், கணக்கியல் ஆகிய மூன்றையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நான்காவதாகச் சுற்றுச்சூழல் துறை என்று நான் சொன்னால், "அது குப்பை சம்பந்தப்பட்ட படிப்புங்களா?" என்பார்கள். குப்பையும் அதில் உண்டு; ஆனால் அது ஒரு சிறு பகுதியே.

இத்துறையில் இரண்டு பிரிவுகள் உள்ளன. எந்த நிலத்தில் வீடு, எங்கே தொழிற்சாலை, மழைநீர் எவ்வழியே போவது என்று முன்கூட்டியே முடிவு செய்வது திட்டமிடல். உண்டான கழிவை ஆறும் காற்றும் தாங்கும் அளவுக்குத் தூய்மைப்படுத்துவது தொழில்நுட்பம். கல்லூரியில் இவற்றைத் தனித்தனியாகவும் படிக்கலாம், சேர்த்தும் படிக்கலாம்.

2020 செப்டம்பர் மாதத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராவாங் வட்டாரத்தில் கோங் ஆற்றில் கலந்த இரசாயனக் கழிவினால், சிலாங்கூர் ஆற்றை நம்பியுள்ள நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 இலட்சம் நீர்க் கணக்குகளுக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் ஏன் சுத்திகரிக்க முடியவில்லை என்று அப்போது பலரும் கேட்டனர். நியாயமான கேள்விதான். அந்நிலையங்கள் படிகாரம் இட்டுச் சேற்றைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்ப்பதற்காக அமைக்கப்பட்டவை. நீரில் கரைந்த கரைப்பான் இரசாயனங்கள் இவற்றுக்குள் அகப்படாமல் கடந்துவிடும். ஆகவே அவற்றைத் தடுக்க வேண்டிய இடம் தொழிற்சாலையின் வாசல். 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் இத்தகைய அபாயக் கழிவுகளை 77 வகைகளாகப் பிரித்துள்ளன. அவற்றைக் கையாளத் தகுதிச் சான்று பெற்றவர்கள் தேவை. அதற்கான பயிற்சியைச் சுற்றுச்சூழல் துறையின் கீழ் பாங்கியில் இயங்கும் கழகம் நடத்துகிறது.

சட்டமும் தொழில்நுட்பமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தோட்டப்புறமே சாட்சி. செம்பனை ஆலையிலிருந்து வரும் பழுப்பு நிறக் கழிவுநீரின் வாடையை, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. 1970ஆம் ஆண்டுகளில் அது பெரும்பாலும் அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. அழுக்கை அளக்க பி.ஓ.டி. என்றோர் அளவு உண்டு. நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதற்கு எவ்வளவு உயிர்வளி தேவை என்பதே அது. வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கும். செம்பனை ஆலைக் கழிவிலோ 25,000 அளவுக்கு இருக்கும். இவ்வளவு உயிர்வளியை ஆறு இழந்தால் மீன் எப்படிப் பிழைக்கும்?

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிமுறை வந்தது. ஒரே நாளில் கடுமை காட்டாமல், 1978இல் 5,000 மில்லிகிராம் என்று தொடங்கி, 2,000, 1,000, 500, 250 என்று ஆண்டுதோறும் இறக்கி, 1984இல் 100 என்று நிறுத்தினார்கள். ஆலைகளுக்கு அவகாசம் கிடைத்தது. ஆய்வாளர்களுக்கு வழி தேட நேரம் கிடைத்தது. கண்ட வழி மிக எளியது: வரிசையாகக் குளங்கள். காற்றுப்படாத குளத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பெரும்பகுதி அழுக்கைத் தின்றுவிடும். அப்போது எழும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் உண்டு. இச்சட்டம் எழுதப்பட்ட விதத்தையே ஒரு நல்ல பாடமாக நான் கருதுகிறேன்.

பி.ஓ.டி. கணக்கை நம் ஆலயத்திற்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பாலின் அழுக்குச் சுமை ஏறத்தாழ 100 கிராம் உயிர்வளி. ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருக்கக்கூடியதோ 8 மில்லிகிராம் அளவே. அப்படியானால், கோமுகி வழியே கால்வாய்க்குப் போகும் ஒரு லிட்டர் பால், 12,000 லிட்டருக்கும் அதிகமான ஆற்று நீரின் உயிர்வளியைக் குடிக்கிறது. அபிஷேகம் கூடாது என்பது என் கருத்தன்று. அந்த நீரைத் தொட்டியில் பிடித்து நந்தவன மண்ணுக்குப் பாய்ச்சினால் போதும். இதை வடிவமைத்துக் கொடுக்க ஒரு டிப்ளோமா மாணவரால் முடியும்.

திட்டமிடலுக்கு வருவோம். இரண்டில் இதுவே பெரிது என்பது என் எண்ணம். 2021 டிசம்பரில் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரை மீது மக்கள் காத்திருந்தார்கள். கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் போன்ற அரிய வேலைகள் நம் நாட்டில் உண்டு. ஆயினும் ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடுகளைக் கட்டியபின் எந்த இயந்திரமும் முழுமையாகக் காக்க முடியாது. நம் முன்னோர் கோயிலுக்குக் குளம் வெட்டும்போது நீர் வரும் வழியும் போகும் வழியும் பார்த்தே வெட்டினர். மலாய் மொழியில் வெள்ளத் தேக்கக் குளத்தைக் குறிக்கும் 'கோலாம்' என்ற சொல்லே நம் 'குளம்' தான்.

நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976ஆம் ஆண்டினது. அதன்படி ஊராட்சி மன்றம் தன் வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறித்த காலத்திற்குள் யாரும் ஆட்சேபம் எழுதித் தரலாம். எத்தனை ஆலய நிர்வாகங்கள் அந்த வரைபடத்தைப் போய்ப் பார்த்திருக்கின்றன? தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது, வழிபாட்டுத் தலத்திற்கென நிலம் குறிக்கப்படாததால் பல தோட்டக் கோயில்கள் இடமின்றித் தவித்தன. புல்டோசர் வந்தபின் கூட்டம் கூட்டுகிறோம். வரைபடம் வந்தபோது அதைப் படித்துச் சொல்ல நம்மில் ஆளில்லை.

படிக்க விரும்பும் மாணவர்கள், தொழில்நுட்பப் பிரிவுக்கு இரசாயனம், பௌதிகம், கணிதம், கூடுதல் கணிதம் ஆகியவற்றில் நன்கு தேற வேண்டும். திட்டமிடலுக்குப் புவியியல் மிகவும் உதவும். அதை இலேசான பாடம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் கல்வியும், கம்பாரிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியலும் உண்டு. நகரத் திட்டமிடலை மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் படிக்கலாம். தனியார் கல்லூரியில் பணம் கட்டுமுன், அப்படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உள்ளதா, பொறியியலாயின் பொறியாளர் வாரியம் ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

கல்வி நிதிக்கு வாரி வழங்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவ மாணவர் என்றால் உடனே கை நீளுகிறது, மகிழ்ச்சியே. அடுத்த தவணையில், கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் திட்டமிடல் மேசையில் என்றேனும் அமரக்கூடிய ஒரு மாணவியின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துப் பரிசீலியுங்கள். விண்ணப்பம் வந்தால் நான் கொண்டுவந்து தருகிறேன்.