ஜெர்மனி போக எந்த விசா? 13-வது மாசம் எங்கே நிற்பீங்கன்னு முதல்ல பாருங்க

"ஜெர்மனிக்கு ஆப்பர்ச்சூனிட்டி கார்டு ஈஸியா கிடைக்குதாமே, வேலையை விட்டுட்டு போயிடலாமா?" சமீப காலமா நம்மகிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான். பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைக் கவனிங்க. இது வெறும் விசா கேள்வி இல்லை. நாலஞ்சு வருஷமா சேர்த்து வச்ச பணம், இப்போ கையில் இருக்கிற வேலை, வீட்டுக்கு மாசாமாசம் அனுப்புற தொகை எல்லாமே இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கு. அதனால ஒரு முதலீட்டை எப்படி அலசுவோமோ, அப்படியே இதையும் அலசிப் பார்ப்போம்.

ஒரு விசாவை "எவ்வளவு சுலபமா கிடைக்கும்" என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, உள்ளே போக என் கைப்பணம் எவ்வளவு போகும்? ரெண்டு, நான் நினைச்சபடி நடக்கலைன்னா 13-வது மாசம் என் நிலைமை என்ன? மூணு, இது நிரந்தர வதிவிடம் வரைக்கும் கொண்டுபோகுமா? சரி, வாங்க ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

நம்ம முன்னாடி இருக்கிற நாலு கதவுகள்

*1. ஆப்பர்ச்சூனிட்டி கார்டு.* ஜெர்மன் மொழியில் இதன் பெயர் சான்சன்கார்ட்டே. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கு. கையில் வேலை இல்லாமலே ஜெர்மனிக்குப் போய், அதிகபட்சம் ஒரு வருஷம் அங்கேயே தங்கி வேலை தேடலாம். உங்க டிகிரி ஜெர்மனியில் முழுசா அங்கீகரிக்கப்பட்டிருந்தால் பாயின்ட் கணக்கே தேவையில்லை. இல்லையென்றால் ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம் அடிப்படைத் தகுதியா இருக்கணும். அதுக்கு மேல வயசு, அனுபவம், மொழி எல்லாம் சேர்த்து 6 பாயின்ட் எடுக்கணும். 35 வயசுக்குக் கீழே இருந்தால் 2 பாயின்ட். கடைசி 5 வருஷத்துல 2 வருஷ அனுபவம் இருந்தால் 2 பாயின்ட். ஜெர்மன் பி1-க்கு 2 பாயின்ட்.

*2. ஈயூ ப்ளூ கார்டு.* கையில் டிகிரி, அதற்கேற்ற வேலை ஆஃபர், குறைந்தபட்ச சம்பளம் ஆகிய மூணும் வேணும். 2026-ல் அந்தக் குறைந்தபட்சம் வருஷத்துக்கு 50,700 யூரோ. ஐடி, இன்ஜினியரிங், மருத்துவம் மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும், டிகிரி முடிச்சு 3 வருஷத்துக்குள் இருக்கிறவங்களுக்கும் 45,934.20 யூரோ போதும். ஐடி துறையில் டிகிரி இல்லாதவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. கடைசி 7 வருஷத்துல 3 வருஷமாவது அந்த வேலையில் அனுபவம் இருந்தால், இந்தக் குறைந்த வரம்பிலேயே விண்ணப்பிக்கலாம்.

*3. ஸ்கில்டு ஒர்க்கர் விசா.* அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் வேலை ஆஃபரும் இருக்கு, ஆனால் சம்பளம் ப்ளூ கார்டு வரம்பைத் தொடலை என்றால் இது. 45 வயசுக்குக் கீழே இருப்பவங்களுக்கு நிலையான சம்பள வரம்பு கிடையாது. ஆனால் அதே வேலை பார்க்கும் ஜெர்மானியருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு இணையா இருக்கணும்.

*4. ஐசிடி கார்டு.* உங்க கம்பெனியே ஜெர்மன் கிளைக்கு அனுப்பினால் கிடைக்கிறது. ஸ்பெஷலிஸ்ட், மேனேஜர் நிலைக்கு அதிகபட்சம் 3 வருஷம். வேலை ஒப்பந்தம் இந்திய கம்பெனியோடதான் இருக்கும். அங்கேயே செட்டிலாகணும் என்ற எண்ணம் இருந்தால், "என்னை எந்த விசாவில் அனுப்புறீங்க?" என்று ஹெச்ஆர்-கிட்ட ஃப்ளைட் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க.

கைப்பணம் எவ்வளவு போகும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். சென்னையில் 28 வயசு சாஃப்ட்வேர் டெஸ்டர் ஒருத்தர். மாசம் கைக்கு 75,000 ரூபாய் வருது. கணக்குக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வச்சுக்குவோம். நீங்க போடும்போது அன்றைய ரேட்டைப் போட்டுக்குங்க.

ஆப்பர்ச்சூனிட்டி கார்டுக்குப் போனால், அங்கே ஒரு வருஷம் வாழப் பணம் இருக்கு என்று காட்டணும். மாசத்துக்கு 1,091 யூரோ, 12 மாசத்துக்கு 13,092 யூரோ. நம்ம பணத்தில் சுமார் 13 லட்சத்து 9 ஆயிரம். பெரும்பாலானவங்க இதை பிளாக்டு அக்கவுன்ட்டில் போடுவாங்க. அங்கே போனதும் மாசம் 1,091 யூரோ வீதம் உங்களுக்கே திரும்ப வரும். அதனால இது ஃபீஸ் இல்லை, உங்க பணம்தான். ஆனால் வேலை கிடைக்கிற வரைக்கும் அதைத்தான் சாப்பிடணும்.

நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு டிசிஎஸ். எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இப்படி வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேலே போகிற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாங்க. நம்ம உதாரணத்தில் 3 லட்சத்து 9 ஆயிரத்துக்கு சுமார் 62,000 ரூபாய். ஐடி ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது இது வரியில் கழியும், மீதி ரீஃபண்டா வரும். ஆனால் அனுப்புற அன்னைக்கு அந்த 62,000-மும் கையில் இருந்தே ஆகணும். நிதியாண்டு முடியும் நேரமா இருந்தால், மார்ச்சில் பாதி, ஏப்ரலில் மீதி என்று பிரிச்சு அனுப்பினால் இந்தப் பிடித்தமே வராமல் போகலாம்.

இதோட முடியலை. வேலையை விட்டுட்டுப் போறதால ஒரு வருஷச் சம்பளம் 9 லட்சம் வராது. ஆக, மோசமான சூழ்நிலையில் பணயம் வைக்கிறது 13 லட்சம் இல்லை, சுமார் 22 லட்சம்.

பார்ட் டைம் வேலை பார்க்கலாமே என்று கேட்பீங்க. இந்தக் கார்டில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு. 2026-ல் ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. முழுசா 20 மணி நேரம் பார்த்தால் பிடித்தத்துக்கு முன் மாசம் சுமார் 1,200 யூரோ வரும். செலவைச் சமாளிக்க உதவும். ஆனால் வாரம் 20 மணி நேரம் ஓட்டலிலோ கிடங்கிலோ நின்னுட்டு, மீதி நேரத்தில்தான் இன்டர்வியூவுக்குத் தயாராகணும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்குங்க.

ப்ளூ கார்டில் இந்தக் கதையே வேற. உங்க சம்பளமே ஆதாரம் என்பதால் பிளாக்டு அக்கவுன்ட் தேவையில்லை. விசா கட்டணம் 75 யூரோ. வேலை கையில் இருப்பதால் முதல் மாசத்திலேயே சம்பளம் வரும். ஆரம்பச் செலவுக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும் மட்டும் பணம் எடுத்துட்டுப் போனால் போதும். அங்கே அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு மாச அடிப்படை வாடகைதான் கேட்க முடியும், சட்டமே அப்படி.

45,934 யூரோ என்றால் 46 லட்சமா?

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. கல்யாணம் ஆகாத ஒருத்தருக்கு வருமான வரி, பென்ஷன், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக மாசம் கைக்கு வருவது சுமார் 2,500 யூரோ. மியூனிக் மாதிரி ஊரில் ஒரு ரூமுக்கே 800 யூரோ வரை போகும். சாப்பாடு, போக்குவரத்து, போன் எல்லாத்துக்கும் 700 யூரோ வச்சால் மீதி 1,000 யூரோ. இதுதான் உங்க உண்மையான சேமிப்பு. இன்னைக்கு சென்னையில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீங்களோ, அதோட இந்த 1,000 யூரோவை ஒப்பிடுங்க. சம்பளத்தோட சம்பளத்தை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிடும்.

13-வது மாசம் என்ன ஆகும்?

ஆப்பர்ச்சூனிட்டி கார்டில் போய் ஒரு வருஷத்துக்குள் தகுதியான வேலை கிடைச்சிட்டால், அங்கே இருந்தே ப்ளூ கார்டுக்கோ ஸ்கில்டு ஒர்க்கர் அனுமதிக்கோ மாறிக்கலாம். கிடைக்கலைன்னா பொதுவா திரும்பி வரணும். ரெஸ்யூமேயில் ஒரு வருஷ இடைவெளி, அக்கவுன்ட்டில் மீதி எதுவும் இல்லாத நிலை, இங்கே மறுபடியும் வேலை தேடல். நம்ம டெஸ்டருக்கு இந்த நிலைமையைத் தாங்க முடியுமா? அவர் தலையில் பர்சனல் லோன் இஎம்ஐ இருந்தால் நிச்சயம் முடியாது.

ப்ளூ கார்டிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. வேலை போயிட்டால், புதுசு தேடக் கிடைக்கிற அவகாசம் மாசக் கணக்கில்தான். ஆனால் அதற்குள் உங்களுக்கு ஜெர்மன் அனுபவமும், கொஞ்சம் சேமிப்பும், இன்டர்வியூவுக்கு நேரில் போகிற வசதியும் இருக்கும்.

நிரந்தர வதிவிடமும் குடும்பமும்

இங்கேதான் பெரிய வித்தியாசம். ப்ளூ கார்டில் வேலை பார்த்து பென்ஷன் கட்டினால், ஏ1 ஜெர்மனோட 27 மாசத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாசமே போதும். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் 3 வருஷம், பி1 தேவை. ஆப்பர்ச்சூனிட்டி கார்டில் வேலை தேடின மாசங்கள் இந்த ப்ளூ கார்டு கணக்கில் சேராது.

கல்யாணம் ஆனவங்க இன்னொண்ணும் பாருங்க. ப்ளூ கார்டில் துணையைக் கூட்டிப்போகும்போது அவங்களுக்கு ஜெர்மன் பரீட்சை கட்டாயம் இல்லை, போனதும் வேலையும் பார்க்கலாம். ஆப்பர்ச்சூனிட்டி கார்டில் துணையைச் சேர்த்துக் கூட்டிப்போக சாதாரணமா வழி இல்லை.

அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னா ஊரில் எத்தனை நாள் தங்கலாம்? சாதாரண அனுமதியில் 6 மாசத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது காலாவதியாகிடும். ப்ளூ கார்டுக்கு 12 மாசம் வரை இடம் உண்டு. இன்னைக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். பெற்றோருக்கு வயசாக ஆக இதன் அருமை புரியும்.

அப்போ யார் எதை எடுக்கலாம்?

என் பரிந்துரை வரிசை இதுதான்:

- வேலையை விடாமல், முதல் 6 முதல் 9 மாசம் இங்கே இருந்தே ஜெர்மன் வேலைகளுக்கு விண்ணப்பிங்க. அதே நேரத்தில் ஜெர்மன் பி1 வரை படிங்க.
- உங்க பல்கலைக்கழகமும் டிகிரியும் ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்றதா என்று அனாபின் தளத்தில் இலவசமா பாருங்க. பல்கலைக்கழகத்துக்கு ஹெச் பிளஸ் என்று இருக்கணும். டிகிரி அதில் இல்லைன்னா 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்கணும்.
- வரம்புக்கு மேல் ஆஃபர் வந்தால் ப்ளூ கார்டு. கொஞ்சம் கீழே இருந்தால் சம்பளத்தைப் பேசிப் பாருங்க. சில நூறு யூரோ வித்தியாசத்தில் ஒரு வருஷக் காத்திருப்பு மிச்சமாகலாம். ஏறலைன்னா ஸ்கில்டு ஒர்க்கர் விசா.
- ஆஃபரே வரலைன்னா மட்டும் ஆப்பர்ச்சூனிட்டி கார்டு. அதுவும் பி1 ஜெர்மன் கையில் இருந்து, கடன் எதுவும் இல்லாமல், 13 லட்சமும் சொந்த சேமிப்பா இருந்து, அது போக ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டு தனியா இருந்தால் மட்டும். நகையை அடகு வச்சோ, அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தை எடுத்தோ இதில் போடாதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி இங்கே முடிக்க வேண்டியவை

வெளிநாட்டு வேலைக்குப் போனதும் சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டை என்ஆர்ஓ அக்கவுன்ட்டா மாத்தணும். மியூச்சுவல் ஃபண்டு கேஒய்சி-யை என்ஆர்ஐ என்று அப்டேட் பண்ணணும். ஏற்கனவே இருக்கிற பிபிஎஃப் அக்கவுன்ட்டை முதிர்வு வரைக்கும் தொடரலாம், ஆனால் என்ஆர்ஐ ஆனபிறகு புதுசா தொடங்க முடியாது. பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு உங்க கம்பெனி பாலிசியில் இருந்தால், வேலையை விடும்போதே அதுவும் போயிடும். அதனால ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தனி பாலிசி எடுத்துடுங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் "வேலை கிடைச்சால்", இன்னொரு பக்கம் "கிடைக்கலைன்னா" என்று எழுதி, 13-வது மாசம் கையில் எவ்வளவு இருக்கும் என்று ரெண்டு பக்கமும் கணக்குப் போடுங்க. ரெண்டாவது பக்கத்துத் தொகையைப் பார்த்தும் வீட்டில் எல்லாரும் நிம்மதியா தூங்க முடியும்னா தாராளமா கிளம்புங்க. முடியாதுன்னா, கையில் இருக்கிற வேலையைப் பிடிச்சுக்கிட்டே ஜெர்மன் படிங்க, ஆஃபர் வரட்டும். கணக்கில் எங்கேயாவது குழப்பம் இருந்தால் கமெண்டில் கேளுங்க. வாழ்த்துகள்!