எத்தீம் பிள்ளை எந்த வீட்டில் வளர வேண்டும்?

எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்பிக்கொள்கிறார்கள் என்ற கருத்தில் அந்நிஸா அத்தியாயத்தில் எச்சரிக்கை இறங்கியது. எத்தீம்களைப் பொறுப்பில் வைத்திருந்த சஹாபாக்கள் நடுங்கிவிட்டார்கள். பிள்ளைக்குத் தனியாக உலை வைத்தார்கள், தனியாகப் பரிமாறினார்கள். அவன் உண்டு மிஞ்சியதைத் தொட அஞ்சி, அவனே மீண்டும் வந்து உண்ணட்டும் என எடுத்து வைத்தார்கள். அது கெட்டும் போயிற்று. இந்தச் சிரமத்தை நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோதுதான் அல்பகராவின் 220ஆவது வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எத்தீம்களுக்குச் சீர்செய்வதே நலம், அவர்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்களே என்பது அதன் சாரம்.

மதரஸாவில் தப்ஸீர் பாடத்தில் இதைப் பலமுறை ஓதியிருக்கிறோம். ஒரே வீட்டுக்குள் தனி உலையே சிரமமாகிப் போனதென்றால், ஊர் விட்டு ஊர் தனிக் கட்டடம் எப்படி என்ற கேள்வி மட்டும் அப்போது நமக்கு எழவில்லை.

எத்தீம்கானாக்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1943இல் மலபாரில் காலரா பரவிக் குடும்பங்கள் அழிந்தபோது திரூரங்காடியில் எத்தீம்கானா தொடங்கினார்கள். வேறு என்ன செய்திருக்க முடியும்? 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்ததே, அதை நம் காரைக்கால் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். அன்று பிள்ளைகளுக்குக் கூரை வேண்டியிருந்தது. ஆனால் இன்று இந்நிலையங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடல் கொண்டுபோன குடும்பத்துப் பிள்ளைகள் அல்லர். தாய் உயிரோடிருக்கிறாள். வறுமையே அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது.

நாம் செய்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு சகோதரர் மவ்த்தானார். மனைவி இத்தாவில் இருக்கும்போதே, இரண்டு ஆண்பிள்ளைகளை எந்த நிலையத்தில் சேர்ப்பது என்ற பேச்சு வந்துவிட்டது. சிபாரிசுக் கடிதத்தை எழுதியது நாமே. நல்ல காரியம் செய்தோம் என்ற நிம்மதியோடு உறங்கவும் செய்தோம். மறு ரமலானில் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தார்கள். நோன்பு திறந்து சற்று நேரம் கழித்து இளையவன் தன் உம்மாவிடம், "தண்ணி குடிச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். சொந்த வீட்டில், சொந்தத் தாயிடம்! அந்தப் பெண்மணி இதைத் திரைக்குப் பின்னிருந்து நம்மிடம் சொல்லி அழுதபோது நம்மிடம் பதில் இல்லை. வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் மாதம் எவ்வளவு குறைகிறது என்று அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. பிறகு கணக்குப் பார்த்தால், ஐயாயிரம் ரூபாய்க்கு உள்ளேதான்.

ஷரீஅத்தில் எத்தீம் என்பவர் பருவமடையும் முன் தந்தையை இழந்தவர். தாய் இருந்தாலும் எத்தீம்தான். இந்தச் சொல்லைக் கேட்டதும் யாருமற்ற பிள்ளை என்று நாம் எண்ணிக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. பிள்ளையை வளர்க்கும் உரிமையை பிக்ஹு நூல்கள் 'ஹளானத்' என்ற பாடத்தில் பேசுகின்றன. (பொருளுக்கு வலீ யார் என்பது வேறு பாடம்.) முதல் உரிமை தாய்க்கு. அவள் பிள்ளைக்கு அந்நியரான ஒருவரை மறுமணம் செய்துகொண்டால், அந்த உரிமை அவளுடைய தாய்க்குப் போகிறது. அதன்பின் வேறு உறவினர்கள் வரிசையாக வருகிறார்கள். நம் ஷாபிஈ மத்ஹபில், ஏறத்தாழ ஏழு வயதில் பகுத்தறிவு வந்தபின் பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும். அந்த வரிசை முழுவதிலும் மனிதர்களே இருக்கிறார்கள்.

ஹம்ஸா (ரலி) அவர்கள் உஹதில் ஷஹீதானபின் அவர்களுடைய சிறு மகள் மக்காவில் இருந்தாள். ஹிஜ்ரி 7இல் உம்ரா முடித்துப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்களை, சிறிய தந்தையே என்று அழைத்தபடி பின்தொடர்ந்து ஓடி வந்தாள். அலி, ஜஅஃபர், ஸைத் (ரலி) ஆகிய மூவரும் அவளுக்காக வழக்காடினார்கள். தள்ளிவிடுவதற்காக அல்ல, தம் வீட்டுக்கு அழைத்துச் செல்வதற்காக! ஜஅஃபர் (ரலி) அவர்களின் மனைவி அச்சிறுமிக்குத் தாயின் உடன்பிறந்தவர். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று கூறி நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கே தீர்ப்பளித்தார்கள். புகாரியில் உள்ள இந்த ஹதீஸை நம் பெண்கள் பயானில் அதிகம் சொல்ல வேண்டும்.

ஜகாத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். எத்தீம் என்பதற்காக மட்டும் ஜகாத் இல்லை; ஏழையாக இருந்தால் உண்டு. அது ஏழையின் உடைமையாகச் சேர வேண்டும். ஆகவே ஜகாத் பணத்தில் கட்டடம் எழுப்புவதை ஷாபிஈ, ஹனபி இரண்டும் ஏற்கவில்லை. அதே பணத்தை ஏழை விதவையின் கையில் மாதாமாதம் கொடுத்தால் கடமை நிறைவேறும். ரமலானில் ரசீதுப் புத்தகத்தோடு வருபவருக்கு ஸதகா கொடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் நம் தெருவின் கணக்கை முதலில் பாருங்கள்.

நாட்டின் சட்டமும் இப்போது இதையே சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளையை நிலையத்தில் வைப்பது கடைசி வழியே. எல்லா நிலையங்களும் பதிவு பெற்றிருக்க வேண்டும். விதவைத் தாயிடமோ உறவினரிடமோ வளரும் ஏழைப் பிள்ளைக்கு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. குடும்ப வருமானத்துக்கு வரம்பும் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். 1989இல் ஐ.நா. சபை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆவது பிரிவில் 'கஃபாலா' என்ற நம் அரபுச் சொல்லே இடம்பெற்றுள்ளது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. நாம்தான் அந்தச் சொல்லை ரசீதுப் புத்தகத்தோடு நிறுத்திவிட்டோம்.

உறவே இல்லாத பிள்ளையை ஏற்பவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். அவனை அவன் தந்தையின் பெயரால் அழைக்க வேண்டும். ஸைத் (ரலி) அவர்கள் விஷயத்தில் இறங்கிய சட்டம் அது. பருவமடைந்தபின் மஹ்ரம் பேண வேண்டும். இரண்டு வயதுக்குள் முறைப்படி பாலூட்டியிருந்தால் சட்டம் மாறும். அவனுக்கு வாரிசுரிமை இல்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் செய்யலாம்.

நாளையே போய்ப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடாதீர்கள். அடி, குடி, தீய தொடர்பு உள்ள வீட்டுக்கு எந்தப் பிள்ளையும் திரும்பக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு வீட்டை விசாரித்து ஒப்ப வேண்டும். நம் பிள்ளைகள் இருப்பது பெரும்பாலும் வாஞ்சூருக்கு அப்பால் தமிழ்நாட்டு நிலையங்களில்; நாமோ புதுச்சேரி ஆட்சியில். ஆகவே இரு மாவட்டத்துக் குழுக்களும் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும்.

மேலே சொன்ன இளையவன் இப்போது உம்மாவிடம் இருக்கிறான். அரசு உதவி வந்து சேரும்வரை பைத்துல்மாலிலிருந்து மாதப்பணம் போகிறது. மக்ரிபுக்குப் பின் நம்மிடம் ஓத வருகிறான். மூத்தவன் பத்தாம் வகுப்பை அங்கேயே முடிக்க விரும்பினான். குழு அதையும் கேட்டு எழுதிக்கொண்டது. ஒவ்வொரு மாதமும் அவனைப் பார்த்து வரும் பொறுப்பை அவன் தாய்மாமனும் நாமும் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். இம்மாதம் நம் முறை.