கூலிக்கு ஆடிய ஆட்டம்

நுழையும்முன்

மோசடிக் கூட்டத்தாரிடம் அகப்பட்டுத் திண்டாடும் எளிய மனிதர், நகைச்சுவைக் கதைகளுக்கு என்றும் உகந்த பாத்திரம். அத்தகையோர் கதைகளில் மட்டும் இல்லை. வயல்வெளியிலும் கடைவீதியிலும் தொழிற்சாலை வாயிலிலும் இருக்கிறார்கள். நேர்மையாக உழைக்கும் ஒருவர் பிறருடைய சூழ்ச்சிக்குக் கருவியாவது எவ்வாறு என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மோலிப்பூரின் பொய்ப்போட்டி

குஜராத் மாநிலம் மேசானா மாவட்டத்தில் உள்ள சிற்றூர் மோலிப்பூர். 2022ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டிகள் முடிந்த சில வாரங்களில், அவ்வூர் வயல் ஒன்றில் மற்றொரு ‘ஐ.பி.எல்.’ தொடங்கியது. வாடகைக்கு எடுத்த நிலத்தில் ஆடுகளம் அமைத்தனர். ஒளி வெள்ளம் பாய்ச்சும் விளக்குகளை நட்டனர். பண்ணைக் கூலிகளும் வேலையற்ற இளைஞர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர், ஓர் ஆட்டத்துக்கு 400 ரூபாய் கூலி பெற்றுச் சென்னை, மும்பை, குஜராத் அணிகளின் சீருடைகளை மாறி மாறி அணிந்து ஆடினர்.

ஆட்டம் யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பாயிற்று. பார்வையாளர் எவரும் இல்லாத வயலில், இணையத்திலிருந்து எடுத்த ஆரவார ஒலி முழங்கியது. புகழ்பெற்ற வர்ணனையாளரின் குரலைப் போலவே பேச ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். இதை உண்மைப் போட்டி என நம்பி உருசிய நாட்டினர் பந்தயம் கட்டினர். பந்தயத்தின் போக்குக்கு ஏற்ப நடுவருக்குக் கம்பியில்லாக் கருவியில் கட்டளை வரும். அவர் குறிப்புக் காட்டியதும் பந்து மெதுவாக வீசப்படும், மட்டையாளர் ஆறு ஓட்டம் அடிப்பார். கால் இறுதிக் கட்டம் வரை ஆட்டம் நடந்தபோது காவல்துறையினர் புகுந்து நால்வரைக் கைது செய்தனர்.

பண்ருட்டியின் வங்கிக் கிளை

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2020ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கடலூர் மாவட்டம் பண்ருட்டியில் பாரத ஸ்டேட் வங்கியின் பெயரில் ஒரு போலிக் கிளை கண்டுபிடிக்கப்பட்டது. கணினி, பணம் செலுத்தும் சீட்டுகள், முத்திரைகள் என ஒரு வங்கிக்கு வேண்டிய பலவும் அங்கு இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று, வங்கியின் அனுமதி. அதனை அமைத்த இளைஞருடன், சீட்டுகளை அச்சிட்டவரும் இரப்பர் முத்திரை செய்தவரும் கைது செய்யப்பட்டனர்.

வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்கு உரியது. நாம் எண்ண வேண்டியது வேறு. அச்சிடுவதும் முத்திரை செய்வதும் அன்றாடத் தொழில்கள். ஆனால், வங்கிக்குரிய முத்திரையை ஒரு தனிமனிதர் கேட்கும்போது, ‘இது எதற்கு?’ என்னும் ஒரு வினா அத்தொழிலின் பகுதியாகிறது.

நகையும் மடனும்

இவற்றைக் கேட்டவுடன் நமக்குச் சிரிப்பு வருகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் நகை தோன்றும் நிலைக்களன்களாகக் கூறுகிறார். பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாதிருத்தல் என்பர் உரையாளர். இவ்வேறுபாடு நுட்பமானது. மோலிப்பூர்க் கூலியாள் அறிவில்லாதவர் அல்லர். பந்து வீசவும் மட்டை பிடிக்கவும் தெரிந்தவர். வயலில் விளையாட 400 ரூபாய் ஏன் தருகிறார்கள் என்று அவர் கேளாதிருந்தால், அது மடன்.

ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் 1891இல் எழுதிய ‘செந்தலையர் சங்கம்’ என்னும் சிறுகதை இதனையே காட்டுகிறது. அடகுக்கடைக்காரர் ஒருவருக்குத் தலைமயிர் சிவப்பாக இருப்பதால் வேலை கிடைக்கிறது. நாள்தோறும் நான்கு மணிநேரம் அமர்ந்து கலைக்களஞ்சியத்தைப் படியெடுக்க வேண்டும். வாரம் 4 பவுன் கூலி. அவர் மகிழ்ச்சியுடன் எழுதிக்கொண்டிருக்கும் அந்நேரத்தில், அவருடைய வீட்டின் நிலவறையிலிருந்து அருகிலுள்ள வங்கிக்குத் திருடர் சுரங்கம் தோண்டுகின்றனர். கூலி அவருடைய எழுத்துக்கு அன்று. அவர் வீட்டில் இல்லாமைக்கே.

தேர்வாய் கண்டிகையும் நாமும்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகை, ஒரு காலத்தில் ஆடுமாடு மேய்த்தலும் வேளாண்மையும் செய்த ஊர். இன்று அங்குச் சிப்காட் தொழிற்பூங்காவும், 2020இல் பயன்பாட்டுக்கு வந்த நீர்த்தேக்கமும் உள்ளன. தொழிற்பூங்காக்களில் வெளிமாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் ஒப்பந்தத் தொழிலாளராக உழைக்கின்றனர். இத்தகைய இடத்தில் ஒருவர், பணிமுடிந்து திரும்பும் இளைஞரிடம், “தம்பி, உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து ஏ.டி.எம். அட்டையை மட்டும் கொடு; மாதம் சில ஆயிரம் தருகிறேன்” என்று கேட்பதாகக் கொள்வோம். உழைப்பே இல்லை, ஊதியம் உண்டு. செந்தலையர் சங்கம் புதுப்பெயரில் வந்து நிற்கிறது.

இணையவழி மோசடியாளர், ஏமாற்றிய பணத்தைத் தம் கணக்கில் பெறுவதில்லை. அதனை முதலில் எளியவர் ஒருவரின் கணக்குக்கு அனுப்புவர். சில நிமிடங்களில் அங்கிருந்து பல கணக்குகளுக்குச் சிதறடிப்பர். பணம் இழந்தவர் முறையிட்டதும், காவல்துறை முதலில் கண்டறிவது அந்த எளியவரின் பெயரையே. அவருடைய கணக்கு முடக்கப்படுகிறது. அதே கணக்கில் சம்பளம் வருமாயின் அதுவும் கைக்கு எட்டாது. 2024ஆம் ஆண்டு சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலையும், 61ஆம் பிரிவு குற்றச்சதியையும் தண்டனைக்குரியனவாக்குகின்றன. அறியாமல் அகப்பட்டவர் தம் அறியாமையை மெய்ப்பித்து விடுபடலாம். ஆயினும், அதற்குள் இழந்த வேலையையும் நற்பெயரையும் எவர் மீட்டுத் தருவார்?

கேட்க வேண்டிய வினாக்கள்

மேற்கண்ட நிகழ்வுகளில் ஓர் ஒற்றுமை உண்டு. முழுச் சூழ்ச்சியும் ஒருவருக்கே தெரியும். மற்றவர் கையில் அதன் ஒரு சிறுதுண்டு மட்டுமே இருக்கும். பந்து வீசுதல், சீட்டு அச்சிடுதல், கணக்குத் திறத்தல் எனத் துண்டாகப் பார்க்கையில் எதிலும் குற்றம் தென்படாது. ஆகவே, வேலை எளிதா என்று மட்டும் பாராமல், இப்பணம் யாரிடமிருந்து வருகிறது, இதனை ஏன் அவரே தம் பெயரில் செய்யவில்லை, இதைப் பிறரிடம் சொல்லாதே என்கிறாரா என்னும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். விடை தெளிவாக இல்லையெனில் விலகுவதே அறிவுடைமை.

உழைப்பவருக்குப் பெரும்பாலும் தம் பெயரே முதற்செல்வம். அதனை வாடகைக்கு விடுதல் ஆகாது. பிறர் கதையில் நகைப்புக்கு இடமாகும் மடன், நம் வாழ்வில் அழுகைக்கு இடமாகிவிடும்.

தெரியுமா?

இணையவழிப் பண மோசடி குறித்து 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு மிகுதி.

கற்பவை கற்றபின்

1. பேதைமை, மடன் ஆகியவற்றின் வேறுபாட்டை நீங்கள் கண்ட நகைச்சுவைக் காட்சிகளைக் கொண்டு விளக்குக.
2. ‘உன் வங்கிக் கணக்கைக் கொடு’ என்று கேட்பவருக்கும் ஒரு தொழிலாளிக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.
3. ‘முத்திரை செய்தவரும் பொறுப்பாளியே’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் பேசுக.