இளைஞர் கையிலும் நிதி

கேள்வி: உள்ளாட்சியில் இளைஞர் மன்றம் அமைத்தால் பயன் உண்டா? வெறும் அலங்காரமாகிவிடாதா?

பதில்: கையில் நிதி இல்லாவிட்டால் அலங்காரம்தான். மனு எழுத மட்டும் ஒரு மன்றம் என்றால் ஆர்வம் விரைவில் வடிந்துவிடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014இல் மூலதனச் செலவில் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, 12 முதல் 25 வயதுக்காரர்கள் வாக்களித்து முடிவுசெய்யட்டும் என்றது. விளையாட்டுக்கே வாரி இறைப்பார்கள் என்ற அச்சம் இயல்பானது. ஆனால் அவர்கள் தேர்ந்தவற்றில் விளையாட்டுத்திடலோடு பள்ளிகளுக்கு மடிக்கணினி, நடைபாதை, பூங்காவுக்குக் கண்காணிப்புக் கேமரா எல்லாம் இருந்தன. அனுபவம் போதாதே என்றால், நகர அலுவலர்களோடு அமர்ந்துதான் அந்த இளைஞர்கள் திட்டங்களைத் தீட்டினார்கள். அனுபவம் வேறெப்படி வரும்? நம் நாட்டில் வாக்களிக்க 18, ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் பள்ளிக்கு சைக்கிள் மிதிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணிடம் எந்தச் சாலையை முதலில் போடலாம் என்று கேட்பவர் இல்லை. கிராமசபையில் அவள் குரலுக்கு இடம் கேட்டு நீங்களே தொடங்குங்கள்.